மூளைக்குள் ஓடும் நீரும் அதன் வழியை மறிக்கும் கட்டியும்

தலைவலி என்பது எமது சமூகத்தில் மிகவும் சாதாரணமாகக் கருதப்படுகின்ற ஓர் உபாதையாகும். வெயில், பசி, உறக்கமின்மை, கண்ணூறு என்று காரணங்கள் பலவற்றைச் சொல்லிக்கொண்டு இரண்டு பனடோல் வில்லைகளுடன் நாளைக் கடத்துவது எம்மவரின் வழக்கம். நோன்பு காலமாயின் வயிறு வெறுமையாக இருப்பதே காரணமென்று சமாதானம் கூறப்படும். பெரும்பாலான தலைவலிகள் ஆபத்தற்றவை என்பதும் உண்மையே. ஆயினும், அதிகாலையில் தலைவலியுடன் கண்விழித்து, வாந்தி எடுத்த பின்னர் சற்றுத் தெளிவடைகின்ற ஒரு பிள்ளையை, நாட்கணக்கில் அல்லது வாரக்கணக்கில் அவ்வாறு நடந்துவருகின்ற ஒரு பிள்ளையை, மேற்குறித்த சமாதானங்களோடு வீட்டில் வைத்திருப்பது பெரும் தவறாகிவிடும். அப்பிள்ளையின் மூளைக்குள் நீர் செல்லும் வழியை ஒரு கட்டி அடைத்துக்கொண்டிருக்கக் கூடும்.

மன்னார் தீவிலும் அதனை அடுத்த கரையோரத்திலும் வாழும் மக்களுக்கு இவ்விடயம் பற்றிய அறிவு இரட்டிப்பு அவசியமானது. தலைமன்னார், பேசாலை, எருக்கலம்பிட்டி, தாராபுரம், வங்காலை, சிலாவத்துறை போன்ற கிராமங்களிலிருந்து மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைக் காண வேண்டுமாயின் யாழ்ப்பாணத்திற்கோ அநுராதபுரத்திற்கோ கொழும்பிற்கோ செல்ல வேண்டும். மன்னார் நகரிலிருந்து முன்னைய இரண்டும் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தில் உள்ளவை. கொழும்பு முந்நூறு கிலோமீற்றர் அளவில் உள்ளது. நிபுணர் அருகில் இல்லாத இடத்தில் நோயைப் பற்றிய அறிவாவது அருகில் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாய்பொருளும் அதன் பாதையும்

எமது மூளை மண்டையோட்டிற்குள் ஒரு தெளிந்த நீரில் மிதந்துகொண்டிருக்கின்றது. மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்திருப்பதால் இதனை மூளைய முண்ணாண் பாய்பொருள் என்பர். வளர்ந்த ஒருவரின் உடலில் எந்த நேரத்திலும் ஏறத்தாழ 150 மில்லி லீற்றர் பாய்பொருள் காணப்படும். ஆனால் ஒரு நாளில் சுமார் 500 மில்லி லீற்றர் புதிதாக உற்பத்தியாகின்றது. அதாவது பழையது வெளியேறிப் புதியது நிரம்புவது நாளொன்றுக்கு மூன்று தடவைகளுக்கு மேல் நிகழ்கின்றது.

மூளையின் உட்புறத்தே நான்கு அறைகள் உள்ளன. அவற்றிலுள்ள குருதிக் கலன்கள் செறிந்த மென்மையான பின்னல்களே பாய்பொருளின் பெரும்பகுதியைச் சுரக்கின்றன. வலமும் இடமுமாக அமைந்த இரண்டு பெரிய அறைகளிலிருந்து அது சிறு துவாரங்களினூடாக மூன்றாவது அறைக்கு வருகின்றது. அங்கிருந்து நடுமூளையினூடாகச் செல்லும் ஓர் ஒடுங்கிய கால்வாயின் வழியே நான்காவது அறையை அடைகின்றது. பின்னர் அங்குள்ள வாயில்களால் வெளியேறி, மூளையின் மேற்பரப்பையும் முண்ணாணையும் கழுவிக்கொண்டு சென்று இறுதியில் குருதியோடு கலந்துவிடுகின்றது. நடுமூளைக் கால்வாயின் விட்டம் சில மில்லி மீற்றர்கள் மாத்திரமே என்பது கவனிக்கத்தக்கது.

மன்னார் விவசாயிக்கு இதனை விளக்குவது கடினமன்று. அருவியாற்றின் நீர் தேக்கத்தில் மறிக்கப்பட்டுக் கால்வாய் வழியாகக் கட்டுக்கரைக் குளத்திற்கு வருகின்றது. குளத்து நீர் துருசின் வழியே வாய்க்காலுக்கும், வாய்க்காலால் வயலுக்கும் செல்கின்றது. துருசு அடைபட்டு, வரும் நீர் மட்டும் வந்துகொண்டேயிருந்தால் என்ன நேரும்? குளத்திற்கு வான் இருப்பதால் மேலதிக நீர் வான் பாய்ந்துவிடும். மண்டையோட்டிற்கோ வான் கிடையாது. வளர்ந்தவரின் மண்டையோடு விரிந்துகொடுக்காது. உள்ளே நீர் பெருகினால் அமுக்கம் ஏறும். அந்த அமுக்கம் மூளையை நசுக்கும். இந்த நிலையையே மூளை நீர்க்கோவை என்கிறோம். மண்டையோட்டு எலும்புகள் இன்னும் பொருந்தாத கைக்குழந்தைகளில் மாத்திரம் தலை பெருத்து அமுக்கம் ஓரளவு தணிகின்றது.

கட்டி அமையும் இடமே பிரதானம்

மூளைக் கட்டிகள் யாவும் இவ்வழியை அடைப்பதில்லை. மூளையின் மேற்பரப்பில் பெரிதாக வளர்ந்த ஒரு கட்டி பாய்பொருளின் பாதையைத் தொடாமலே இருந்துவிடக்கூடும். ஆனால் நடுமூளைக் கால்வாயின் அருகே தோன்றிய மொச்சை விதையளவு கட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்றாவது அறையின் வாயிலில் உருவாகும் கூழ்க்கட்டி புற்றுநோயன்று. இருந்தும் அது திடீரென வழியை மறித்து மரணத்தை விளைவிக்கக் கூடியது.

சிறுவர்களுக்கு ஏற்படும் மூளைக் கட்டிகளில் கணிசமானவை தலையின் பின்பக்கத்தே, மூளி எனப்படும் சிறுமூளைப் பகுதியில் தோன்றுகின்றன. மெடுலோபிளாஸ்டோமா, எபெண்டிமோமா, பைலோசிற்றிக் அஸ்ட்ரோசைற்றோமா ஆகியன இவற்றுள் முக்கியமானவை. நான்காவது அறை அதே இடத்தில் அமைந்திருப்பதால், இக்கட்டிகளுடன் வைத்தியசாலைக்கு வரும் சிறுவர்களில் பெரும்பான்மையோர் நீர்க்கோவையுடனேயே வருகின்றனர்.

அடைப்பு ஒன்றே நீர்க்கோவைக்குக் காரணமென்றும் கொள்ளலாகாது. சில கட்டிகள் பாய்பொருளில் புரதத்தைக் கூட்டி அது குருதியில் கலப்பதைத் தடுக்கின்றன. உடலின் வேறிடத்துப் புற்றுநோய் மூளையின் உறைகளிற் பரவினாலும் பாய்பொருள் வடிவது தடைப்படும். அரிதாகச் சில கட்டிகள் பாய்பொருளைத் தாமே மிகையாகச் சுரக்கின்றன. எனவே அறைகள் பெருத்திருக்கின்றன என்று அறிவது மாத்திரம் போதாது. நீர் எங்கே நிற்கின்றது, எங்கே ஓடுகின்றது என்பதை வைத்தியர் அறிந்தாக வேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளின் தேடல்

இக்கேள்விக்கு விடை காண்பதற்கு மனித குலம் நீண்ட காலம் காத்திருந்தது. ஸ்பெயினின் கொர்டோபாவில் வாழ்ந்த பெரும் சத்திரசிகிச்சையாளர் அல் ஸஹ்ராவி, கி.பி. 1000 ஆம் ஆண்டளவில் நிறைவுசெய்த 'அத்தஸ்ரீப்' என்னும் தமது 30 பாக நூலில், குழந்தைகளின் தலையில் நீர் சேரும் நோயை விபரித்துள்ளார். தாம் கண்ட பிள்ளைகள் பிழைக்கவில்லை என்பதையும் அவர் மறைக்காது எழுதினார். தமது அறிவின் எல்லையை ஒப்புக்கொண்ட அந்த நேர்மை இன்றும் மருத்துவ உலகிற்கு ஒரு பாடமாகும்.

1764 ஆம் ஆண்டில் இத்தாலியரான டொமினிகோ கொட்டுனோ மூளையையும் முண்ணாணையும் சூழ்ந்த இப்பாய்பொருளைத் தெளிவாக விபரித்தார். 1918 இல் அமெரிக்க சத்திரசிகிச்சையாளர் வோல்ற்றர் டண்டி, மூளையறைகளுள் காற்றைச் செலுத்தி எக்ஸ் கதிர்ப் படமெடுக்கும் முறையை அறிமுகம் செய்தார். நோயாளருக்கு அது கடும் வேதனை தருவதாகவும் ஆபத்து நிறைந்ததாகவும் இருந்தது. ஆயினும் கட்டி இருக்குமிடத்தை அறிய வேறு வழி அன்று இருக்கவில்லை. 1923 இல் பொஸ்டனில் வில்லியம் மிக்ஸ்ரர், மூன்றாவது அறையின் தளத்தில் உள்நோக்கிக் கருவியால் துவாரமிட்டு நீருக்குப் புதுவழி அமைத்தார். 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பொறிமுறையாளர் ஜோன் ஹோல்ற்றர், நீர்க்கோவையுடன் பிறந்த தமது மகனுக்காக ஒரு வால்வை உருவாக்கினார். அமுக்கம் கூடும்போது மாத்திரம் திறக்கின்ற அவ்வகை வால்வு பொருத்திய குழாய்கள் பின்னர் உலகெங்கும் எண்ணற்ற பிள்ளைகளைக் காத்தன.

எமது பிராந்தியமும் பின்தங்கி நிற்கவில்லை. 1949 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டியும், 1950 இல் சென்னையில் பி. இராமமூர்த்தியும் நரம்பியல் சத்திரசிகிச்சைத் துறையைத் தொடக்கிவைத்தனர். கொழும்பு பெரியாஸ்பத்திரியில் 1950களில் இத்துறைக்கு வித்திட்டவர் ஷெல்டன் கப்ரால் ஆவார். தலைமன்னார்த் துறையிலிருந்து இந்தியக் கரைக்குக் கப்பல் ஓடிய காலத்தில் சென்னை மன்னாருக்கு அத்துணை தூரமாக இருக்கவில்லை. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் இராமேஸ்வரத்துடன் நீடித்த கப்பற் சேவையும் 1980களில் யுத்தச் சூழலில் நின்றுபோனது.

1971 இல் சி.ரி. ஸ்கேன் வந்தது. காந்த அதிர்வுப் படிமமாகிய எம்.ஆர்.ஐ. முறைக்கு 1973 இல் அடித்தளமிட்ட போல் லோற்றபரும், அதனை வளர்த்தெடுத்த பீற்றர் மான்ஸ்ஃபீல்டும் 2003 ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பெற்றனர். அசையும் நீரையே அளக்கும் வித்தை இம்முறையிலிருந்து பிறந்ததாகும்.

காந்தம் நீரோட்டத்தை அளப்பது எவ்வாறு?

எமது உடலில் நீர் நிறைந்துள்ளது. நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஐதரசன் அணுக்கள் உள்ளன. அவற்றின் கருக்கள் சிறு பம்பரங்கள் போன்று நடந்துகொள்கின்றன. வலிமைமிக்க காந்தத்துள் அவை ஓர் ஒழுங்கிற்கு வருகின்றன. வானொலி அலையொன்றால் அவற்றைத் தட்டிவிட்டால் அவை மறுமொழியாகச் சமிக்ஞை ஒன்றைத் தருகின்றன. அதனைக் கணனி படமாக்குகின்றது. எக்ஸ் கதிர் இங்கு பயன்படுத்தப்படுவதில்லை. ஆகவே பல தடவைகள் பரிசோதனை செய்ய வேண்டியுள்ள சிறுவர்களுக்கு இது பெரிதும் உகந்தது.

ஓட்டத்தை அளக்கும் போது இன்னொரு படி சேர்க்கப்படுகின்றது. காந்தப் புலத்தின் செறிவை ஒரு திசையில் படிப்படியாக மாற்றும் துடிப்பொன்று முதலில் கொடுக்கப்படும். உடனே அதற்கு நேரெதிரான துடிப்பொன்று தரப்படும. அசையாது நிற்கும் அணுவை முதலாவது துடிப்பு எவ்வளவு திருப்பியதோ அவ்வளவையும் இரண்டாவது துடிப்பு மீட்டுவிடும். அசைந்த அணுவோ இரண்டாவது துடிப்பு வரும் வேளையில் வேறிடத்தில் இருக்கும். ஆதலால் அதன் திருப்பம் முற்றாக மீளாது. மீளாது எஞ்சிய கோணம் அதன் வேகத்திற்கு நேர்விகிதமானது. இதனையே கட்ட வேறுபாட்டுப் படிமம் என்பர். படத்தில் ஒரு திசையில் ஓடும் நீர் வெண்மையாகவும், எதிர்த்திசையில் ஓடும் நீர் கருமையாகவும், நிற்பவை சாம்பல் நிறமாகவும் தோன்றும்.

பாய்பொருள் ஆற்றைப் போல ஒரே திசையில் மாத்திரம் ஓடுவதில்லை. இருதயம் சுருங்கும்போது மூளைக்குக் குருதி விரைந்து பாய்வதால் பாய்பொருள் கீழ்நோக்கித் தள்ளப்படுகின்றது. இருதயம் விரியும்போது அது மீண்டும் மேல்நோக்கி வருகின்றது. கடலின் பெருக்கும் வற்றும் போன்ற இவ்வசைவு ஒவ்வொரு நாடித்துடிப்பின்போதும் நிகழ்கின்றது. எனவேதான் இப்பரிசோதனையின்போது நோயாளரின் நெஞ்சிலோ விரலிலோ ஓர் உணரி பொருத்தப்பட்டு, இருதயத் துடிப்போடு இணைத்தே படங்கள் எடுக்கப்படுகின்றன. அவற்றை அடுத்தடுத்து ஓடவிட்டால் நீர் மேலும் கீழும் அசைவது ஒரு சலனப்படம் போலத் தெரியும்.

எதிர்பார்க்கும் வேகத்தை முன்கூட்டியே கருவிக்குச் சொல்லிவைக்க வேண்டும். பாய்பொருளுக்குப் பொதுவாகச் செக்கனுக்கு 5 முதல் 20 சென்ரி மீற்றர் வரையான அளவு தெரிவுசெய்யப்படும். உண்மையான வேகம் அந்த அளவை மீறினால், ஐம்பது நிமிடம் முன்னே சென்ற கடிகார முள் பத்து நிமிடம் பின்னே சென்றதாகத் தோன்றுவது போன்று, ஓட்டத்தின் திசையே தலைகீழாகக் காட்டப்படும். அளவை மிகையாகக் கூட்டிவைத்தால் மெல்லிய ஓட்டம் தெரியாமலே போய்விடும். கருவி மாத்திரம் இருந்தாற் போதாது, பயிற்சி பெற்ற கையும் கண்ணும் வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணமாகும்.

வழமையான மூளை ஸ்கேனுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் வரை தேவைப்படும். ஓட்டத்தை அளப்பதற்கு மேலதிகமாகச் செலவாவது பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்கு உட்பட்டதே. இதற்கென ஊசிமருந்து ஏதும் ஏற்ற வேண்டியதில்லை. கட்டியின் தன்மையை அறிவதற்கே கதோலினியம் என்னும் மருந்து நாளத்தினூடாகச் செலுத்தப்படுகின்றது. கடுமையான சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்குச் சில வகைக் கதோலினிய மருந்துகள் பாரதூரமான தோல் நோயை உண்டாக்குவது 2006 இல் அறியப்பட்டது. சிறுநீரக நோய் பரவலாகக் காணப்படும் வடமத்திய மாகாணத்திற்கும் வவுனியாவிற்கும் அண்மையில் வாழும் எம்மவர்கள், தமக்கு அந்நோய் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது அவசியம். கர்ப்பிணிகளும் அவ்வாறே தெரிவிக்க வேண்டும்.

வைத்தியருக்குக் கிடைக்கும் விடை

இப்பரிசோதனை மூன்று சந்தர்ப்பங்களில் பெரிதும் உதவுகின்றது. முதலாவது, சிகிச்சை முறையைத் தெரிவுசெய்யும் வேளை. நடுமூளைக் கால்வாயில் ஓட்டம் முற்றாக நின்றிருந்து, அப்பாலுள்ள பாதை திறந்திருந்தால், மூன்றாவது அறையின் தளத்தில் துவாரமிட்டு நீருக்கு மாற்றுவழி அமைக்கலாம். இது உடலுக்குள் அந்நியப் பொருளெதனையும் விட்டுவைக்காத முறையாகும். பாய்பொருள் குருதியிற் கலக்குமிடமே பழுதடைந்திருப்பின் அத்துவாரத்தால் பயன் குறைவு. அப்போது மூளையறையிலிருந்து வயிற்றுக் குழிவரை தோலின் கீழாகக் குழாயொன்று பதிக்கப்படும்.

இரண்டாவது, அவ்வாறு இட்ட துவாரம் திறந்தே இருக்கின்றதா என்பதைப் பின்னர் உறுதிசெய்யும் வேளை. மாதங்கள் அல்லது ஆண்டுகள் கழிந்த பின்னரும் அத்துவாரம் மூடிக்கொள்ளலாம். மீண்டும் தலையைத் திறவாமலே துவாரத்தினூடாக நீர் அசைவதை எம்.ஆர்.ஐ. காட்டிவிடும்.

மூன்றாவது, கட்டி அகற்றப்பட்ட பின்னரான கண்காணிப்பு. கட்டி அகன்றதும் பலருக்கு வழி தானாகவே திறந்துகொள்கின்றது. ஆனால் பின்மூளைக் கட்டி அகற்றப்பட்ட சிறுவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் வரை நிரந்தர வடிகால் தேவைப்படும் நிலைக்கு ஆளாகின்றனர். 'கட்டியை எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை' என்று கிளினிக்குக்குச் செல்வதை நிறுத்திவிடும் பெற்றோர் இதனை மனதிற்கொள்ள வேண்டும்.

அதேவேளை இப்பரிசோதனையின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். எல்லா மூளைக் கட்டி நோயாளருக்கும் இது தேவைப்படுவதில்லை. சாதாரண எம்.ஆர்.ஐ. படத்திலேயே பலவேளை விடை கிடைத்துவிடும். ஓட்டத்தின் அளவு ஆளுக்கு ஆள் மாறுபடுவதுடன், இருதயத் துடிப்பு ஒழுங்கற்றிருந்தாலோ நோயாளர் அசைந்தாலோ கணிப்புப் பிழைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, நினைவு மங்கிய நிலையில் கொண்டுவரப்படும் நோயாளருக்கு ஓட்டத்தை அளந்துகொண்டிருக்க நேரமில்லை. உடனடியாக ஒரு சி.ரி. ஸ்கேன், அதன்மேல் நீரை வெளியேற்றும் அவசர சத்திரசிகிச்சை என்பதே ஒழுங்கு. 'எம்.ஆர்.ஐ. எடுக்காமல் எப்படிச் சத்திரசிகிச்சை செய்யலாம்?' என்று வைத்தியருடன் தர்க்கிப்பது அவ்வேளையில் பிள்ளைக்குச் செய்யும் தீங்காகிவிடும்.

உலோகம்: மறைக்கக் கூடாத உண்மை

மன்னார் மக்களுக்கு விசேடமாகச் சொல்ல வேண்டிய விடயம் ஒன்றுண்டு. எம்.ஆர்.ஐ. இயந்திரங்கள் பெரும்பாலும் 1.5 அல்லது 3 ரெஸ்லா வலிமை கொண்டவை. 1.5 ரெஸ்லா என்பது பூமியின் காந்தப் புலத்தைப் போல ஏறத்தாழ 30 ஆயிரம் மடங்காகும். பரிசோதனை நடைபெறாத வேளையிலும் அக்காந்தம் இயங்கிக்கொண்டேயிருக்கும். இரும்புப் பொருட்களை அது பறித்திழுத்துவிடும்.

2009 மே மாதத்தில் முடிவுற்ற யுத்தம் எம்மவர் பலரின் உடல்களில் எறிகணைச் சிதறல்களையும் சன்னங்களையும் விட்டுச்சென்றுள்ளது. அவற்றுடன் வாழப் பழகிவிட்டவர்கள் அதனை மறந்தே போயிருப்பர். வேறு சிலர் விசாரணைக்கு ஆளாவோமோ என்ற அச்சத்தால் சொல்லத் தயங்குவர். கண்ணுக்குள்ளோ, மூளை, முண்ணாண் அல்லது பெரிய குருதிக் கலனொன்றின் அருகிலோ உள்ள இரும்புத் துண்டு காந்தத்தினுள் அசைந்தால் பார்வை பறிபோகலாம், கைகால் செயலிழக்கலாம், உயிரும் போகலாம். எனவே காயமடைந்த வரலாற்றைக் கதிரியக்கப் பிரிவினரிடம் கூறியே ஆக வேண்டும். முதலில் எக்ஸ் கதிர்ப் படமெடுத்துச் சிதறல் எங்குள்ளது என்று பார்த்து, எம்.ஆர்.ஐ. பாதுகாப்பானதா என்பதை நிபுணர் தீர்மானிப்பார். சிதறல் உள்ளவர்கள் யாவருக்கும் இப்பரிசோதனை மறுக்கப்படும் என்பதில்லை. அது சாத்தியப்படாதவிடத்து சி.ரி. ஸ்கேன் உண்டு. இக்கேள்வி உடலின் பாதுகாப்பு பற்றியதேயன்றி, ஒருவரின் கடந்த காலம் பற்றியதன்று என்பதை வைத்தியசாலை ஊழியர்களும் கனிவோடு எடுத்துரைக்க வேண்டும். ஒட்டுத்தொழில் செய்வோரின் கண்களில் இரும்புத் துகள் இருக்கக்கூடும் என்பதால் அவர்களும் அதனைத் தெரிவிக்க வேண்டும். இருதய மின்துடிப்புக் கருவி பொருத்தியவர்களுக்கும் இது பொருந்தும்.

தாலிக்கொடி, காப்பு, தோடு, அரைஞாண், தகடு அடைத்த தாயத்து, ஹிஜாபில் குத்தும் ஊக்கு, பணப்பையில் கிடக்கும் நாணயம் என எல்லா உலோகங்களையும் வெளியே கழற்றிவைக்க வேண்டும். தாலியைக் கழற்றுவதற்கும் ஓதிக் கட்டிய தாயத்தை அகற்றுவதற்கும் மனம் கூசுவது இயல்பே. வீட்டாரின் கையில் ஒப்படைத்து அரை மணி நேரத்தின் பின் மீண்டும் அணிந்துகொள்வதால் எந்தக் குறையும் நேராது. உலோகமற்ற துணியால் தலையை மூடிக்கொள்ள வசதி செய்து தருமாறு பெண்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம்.

நீர்வடிகுழாய் பொருத்தியவர்களுக்கும் ஒரு குறிப்பு உண்டு. சில வால்வுகளின் அமுக்க அளவு காந்தத்தால் மாற்றப்படக் கூடியது. அத்தகையோர் ஸ்கேன் முடிந்தவுடன் வால்வின் அளவு சரியாக உள்ளதா என்பதைச் சோதிப்பிக்க வேண்டும். குழாய் பொருத்திய நாள், அதன் வகை ஆகியவற்றைக் கொண்ட அட்டையைப் பத்திரப்படுத்துவது நல்லது.

தூரமும் மொழியும்

2010 இல் தள்ளாடித் தாம்போதியின் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டதும் பூநகரி வழியாக யாழ்ப்பாணம் அண்மித்தது. 2015 மார்ச் மாதத்தில் தலைமன்னார்வரை புகையிரதம் மீண்டும் ஓடத்தொடங்கியது. 2018 இல் வட மாகாணத்திற்கும் விரிவாக்கப்பட்ட 1990 அம்புலன்ஸ் சேவையும் கைகொடுக்கின்றது. இவையாவும் நன்மைகளே. எனினும், நாட்கூலிக்குக் கடலுக்குச் செல்லும் குடும்பமொன்றிற்கு ஸ்கேனுக்கு ஒரு பயணம், அறிக்கைக்கு ஒரு பயணம், கிளினிக்குக்கு ஒரு பயணம் என்று அலைவது பெரும் சுமையாகும். அரசாங்க வைத்தியசாலையில் பரிசோதனை இலவசம். ஆனால் பஸ் கட்டணமும் இழந்த கூலியும் தங்குமிடச் செலவும் இலவசமல்ல. தூர இடத்து நோயாளருக்கு ஸ்கேனையும் நிபுணரின் சந்திப்பையும் ஒரே நாளில் ஒழுங்குசெய்வது பணம் செலவாகாத ஒரு சீர்திருத்தமாகும். ஸ்கேன் படங்களை மன்னாரிலிருந்தே நிபுணருக்கு இணையம் வழியாக அனுப்பிக் கருத்துப் பெறுவதும் இன்று எளிதில் நடைமுறைப்படுத்தக் கூடியதே.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் ஒரு பகுதியினர் முசலியிலும் மன்னார் தீவிலும் மீளக்குடியேறியுள்ளனர். இன்னொரு பகுதியினர் புத்தளத்திலேயே வாழ்கின்றனர். இரு இடங்களுக்கும் இடையே வாழ்க்கை நடத்தும் குடும்பங்களின் மருத்துவப் பதிவுகளும் இரு மாவட்டங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. பழைய ஸ்கேன் இல்லாமற் புதிய ஸ்கேனின் பொருளை முழுமையாக அறிய இயலாது. படங்களையும் இறுவட்டுகளையும் அறிக்கைகளையும் ஒரே உறையிலிட்டு எங்கு சென்றாலும் உடன் கொண்டுசெல்வது ஒவ்வொரு குடும்பத்தினதும் பொறுப்பாகும்.

மொழிப் பிரச்சினை இன்னொன்று. அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். தெற்கில் விளக்கம் பெரும்பாலும் சிங்களத்தில் கிடைக்கும். தமிழ் பேசும் தாயொருத்தி தன் பிள்ளையின் தலையில் துவாரமிட எதற்கென்றே அறியாமற் சம்மதக் கையொப்பம் இடுவது எந்த வகையிலும் நியாயமாகாது. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தினால் தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழியாயிற்று. மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், 19 ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்று நூல்களைத் தமிழாக்கி, தமிழ் மொழியில் வைத்தியர்களைப் பயிற்றுவித்தார். அன்று இயன்றது இன்று இயலாது என்று சொல்வதற்கில்லை. நோயாளர் கேட்க வேண்டிய கேள்விகளும் நான்கே: நீரின் வழி அடைபட்டுள்ளதா? எவ்விடத்தில்? துவாரமா, குழாயா, எதனால்? மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

தாமதிக்கலாகாத அறிகுறிகள்

அதிகாலைத் தலைவலியும் வாந்தியும், பார்வை மங்குதல் அல்லது இரட்டையாகத் தெரிதல், நடையில் தள்ளாட்டம், பிள்ளையின் படிப்பிலும் சுபாவத்திலும் திடீர் மாற்றம், கைக்குழந்தையின் தலை வயதுக்கு மீறிப் பெருத்தல், உச்சிக்குழி புடைத்தல், கண்மணிகள் கீழ்நோக்கியே நிற்றல் ஆகியன காணப்படின் உடனடியாக வைத்தியரிடம் காட்ட வேண்டும். கண்ணின் உட்புறத்தை ஒரு சிறு கருவியால் நோக்கி, பார்வை நரம்பின் முனை வீங்கியுள்ளதா என்று பார்ப்பது கிராமத்து வைத்தியசாலையிலும் செய்யக்கூடிய பரிசோதனையாகும். அவ்வீக்கம் நீடித்தால் நிரந்தரமாகப் பார்வை இழக்க நேரும். வலிப்பு, உறக்கம் போன்ற மயக்கம், எழுப்பியும் எழாமை ஆகியன அவசர நிலைகள். அவ்வேளையில் 1990 இலக்கத்தை அழைக்க வேண்டும். நேர்த்தியும் துஆவும் அவரவர் நம்பிக்கைக்கு உரியவை. அவை வைத்தியசாலைக்குச் செல்லும் வழியிலும் செய்யக்கூடியவையே.

மூளைக் கட்டி என்ற சொல்லைக் கேட்டதுமே வாழ்வு முடிந்துவிட்டதென்று எண்ணும் மனோபாவம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆனால் தலையினுள் உள்ள கட்டிகள் பலவும் புற்றுநோயல்ல. புற்றுநோயானவற்றிலும் குணப்படுத்தக் கூடியவை உள்ளன. கட்டிக்குச் சிகிச்சை செய்ய வாரங்களோ மாதங்களோ எடுக்கலாம். தேங்கிய நீரோ அவ்வளவு காலம் பொறுத்திருப்பதில்லை. அதனை நேரத்தோடு கண்டறிந்து வழி திறந்துவிட்டால் எத்தனையோ பிள்ளைகளின் பார்வையும் அறிவும் உயிரும் காப்பாற்றப்படும். அல் ஸஹ்ராவியின் காலத்தில் அப்பிள்ளைகளைக் காக்கக் கருவி இருக்கவில்லை. இன்று கருவி இருந்தும், அறியாமையினாலோ தூரத்தினாலோ மொழியினாலோ மன்னாரின் ஒரு பிள்ளை அதனை அடையாமற் போகுமாயின் அந்தப் பழி எம் எல்லோரையுமே சாரும். சுகாதாரத் துறையினரும், பள்ளிவாசல், கோவில், தேவாலய நிர்வாகங்களும், ஆசிரியர்களும் இவ்விடயத்தில் கூடிய கரிசனை காட்ட வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.